நோயுற்ற மகவும் நோயிலா மகவும்

திண்டிவனத்தினின்று மரக்காணஞ் செல்லும் சாலையிலே பெருமுக்கல் என்னும் ஊர் உள்ளது. ஊரினும் அதன் மலையே பெயர்பெற்றது. மலைமேற் சிவபிரான் திருக்கோயிலும், சோழர் காலத்துக் கல்வெட்டுக்களும், சீதை குகையென ஊரார் காட்டும் பாறையிடமும், ஆண்டுப் பண்டை மாந்தர் கீறிய உருவங்களும் உள. சீதாபிராட்டி இலவன் குசன் என்னும் மக்களை ஈன்ற இடம் அதுவென்றும், ஈன்ற காலத்துப் பட்ட வருத்தத்தானே ஊர் அப்பெயர் பெற்றதென்றும் அங்குள்ளார் கூறுவர். பெயர்க்காரணத்தை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. தாயொருத்தி துன்புற்று மக்களைப் பெற்ற இடமென வழங்கும் அம்மலையடியிலே யாம் கேட்ட வினாவும் ஒரு தாயையும் மக்களையும் பற்றியதாயிருந்தமையின் அதனைக் குறித்தோம்.

சென்ற ஆண்டு ஒரு பிரதோஷ நாளில் வழிபாடு முடித்து மலையினின்று இறங்கி வருகையில் உழவரொருவர் எம்முடன் நடந்து வந்தார். நெல்லும் மணிலாவும் பயிரிடுபவர். நெற்றி நிறையத் திருநீறு. முகத்திலே நெடுநாள் உறங்காமையின் களைப்பு. அவர்க்கு மக்கள் மூவர். மூத்தவள் 13 வயதினள். இடையவன் 8 வயதினன். இளையவள் 5 வயதுச் சிறுமி. இடையவனுக்கு இரத்தப் புற்று என்னும் கொடுநோய் கண்டு அப்பொழுது ஓராண்டுக்கு மேலாயிற்று. புதுச்சேரியிலே மருத்துவம் நடந்துவந்தது. சிறார்க்கு வரும் அந்நோய்க்குரிய மருத்துவம் பெரும்பாலும் 2 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை நீள்வது. நோயைத் தீர்க்கும் மருந்தே உடம்பின் காவலையும் குறைத்துவிடுதலின், அக்காலத்தில் ஒரு சிறு சுரமும் பேரிடராக முடியலாம். ஆதலின் பிற சிறாரை நோயாளன் அருகே விடார். முறையாக மருந்துண்ட சிறாருட் பலர் இந்நாளிற் பிழைக்கின்றனர் என்பது ஆறுதலே. ஆயின் அப்பிழைப்புக்கு ஒரு குடும்பத்தின் மூன்றாண்டு வாழ்வு முழுவதும் விலையாகப் போகின்றது.

தாய் மகனுடன் மருத்துவமனையிலே தங்கினாள். கொல்லையிற் பாதி ஒற்றிக்குப் போயிற்று. மூத்த மகள் உலை வைத்துச் சோறாக்கித் தங்கையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று பின்னர்த் தானும் பள்ளிக்கு ஓடினாள். இளையவள் தன் அத்தையை அம்மா என்று அழைக்கத் தலைப்பட்டாள். இவற்றையெல்லாம் அவ்வுழவர் ஒரு கணக்குச் சொல்வார்போலச் சொல்லிக்கொண்டு வந்து, அடிவாரத்து வேம்பினடியில் நின்று, "ஐயா, ஒரு நாள் இரவு என் பெரிய மகள், அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கிவிட்டேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் இரண்டு பிள்ளைகளை இழக்கின்றோமோ?" என்றார்.

யாம் அன்று கூறிய விடை இது: நோயுற்றார்க்கு மிகுதியாகச் செய்தல் உலகியல்பு, அது பட்சபாதமன்று, மகளுக்கு அதனை நயமாக எடுத்துரைத்தல் வேண்டும். அவர் தலையசைத்துச் சென்றார். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அவர் கேட்டதற்கு அது விடையன்று என்பது அவர் சென்றபின்னரே எமக்குப் புலனாயிற்று. சாத்திரம் பயின்றார் பலர்க்கும் உள்ள குறை இது. வினா முடியுமுன்னரே விடை நாவில் வந்து நிற்கும். அன்று விட்டதனை இவ்விதழ் வாயிலாக அன்பர்கள்முன் வைத்து ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், மிகுதியாகச் செய்தல் பட்சபாதமன்று என்பதனை நம் சமயம் கொண்டே நிறுவலாம். உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என முத்திறத்தன. ஆணவம் ஒன்றேயுடைய விஞ்ஞானகலர்க்கு இறைவன் உள்நின்றே உணர்த்துவன். ஆணவமும் கன்மமுமுடைய பிரளயாகலர்க்கு முன்னின்று தன் திருவுருவங் காட்டி உணர்த்துவன். மும்மலமுமுடைய சகலர்க்கோ அவன் மானிடச் சட்டை தாங்கிக் குருவாய் வந்து, பசித்தும் நடந்தும் அவர்தம் மொழியே பேசியும் உணர்த்துவன். பிணி மிக்க உயிர்க்கே இறைவன் மிக இறங்கி வருகின்றான். இதனாற் சகலர்மாட்டுக் காதலும் விஞ்ஞானகலர்மாட்டுப் புறக்கணிப்பும் உடையன் என்று எச்சித்தாந்தியும் கூறான். அருள் ஒன்றே, அதனைச் செலுத்தும் வாயில் வேறு. ஆதலின் மூன்று மக்கட்கும் மூன்று இலையிட்டுச் சமமாகப் பரிமாறுதலே நடுவுநிலையென்பார் நடுவுநிலையை அறியாதார். காய்ச்சலுற்றவனுக்குக் கஞ்சியும் நலமுற்றவனுக்குச் சோறும் இடுதல் வேற்றுமையன்றே.

இவ்வுவமை எம் மனத்துக்கு மிக இனிதாயிருந்தது. சிலநாள் இதனோடு நின்றுவிட்டோம். பின்னர் அவ்வுழவரின் முகம் நினைவுக்கு வரவே, உவமை முறியுமிடம் தெரிந்தது. இறைவன் சகலர்க்குக் குருவாய் எழுந்தருளுங்கால் விஞ்ஞானகலர்க்கு உள்நிற்றலை ஒழிவதில்லை. அவன் அருள் செலவிடச் செலவிடக் குறைவதன்று. பெற்றோர்க்கோ நாளொன்றுக்கு அறுபது நாழிகையே. புதுச்சேரியில் இருக்குந் தாய் பெருமுக்கலில் இலள். ஒருவன் மருந்துக்குச் சென்ற பொருள் மற்றொருத்தியின் படிப்புக்கு மீளாது. அருள் ஒன்றே வாயில் வேறு என்னும் விடை சிவபெருமானுக்குப் பொருந்தும். மணிலா விற்ற பணத்தை எண்ணிக் கொடுக்கும் தந்தைக்கு முழுதும் பொருந்தாது. தாயினும் நல்லன் என்று இறைவனைத் தாயோடு உறழ்ந்து கூறுதலின் உண்மை இதுவேபோலும்; தாயின் அன்பு குறைந்ததென்பதன்று, தாயின் கைகள் இரண்டே என்பது.

இனி, வினைமேல் வைத்து இவ்வினாவை முடிப்பாரும் உளர். அவர் இருவகையினர். நோய் அச்சிறுவனது பிராரத்தம், அதற்காக நிலத்தை ஏன் ஒற்றி வைக்கின்றாய் என்பார் ஒருவகையினர். அவ்வுழவரின் உறவினரிலேயே ஒருவர் அங்ஙனங் கூறினாராம். இதற்கு விடை நெடிதன்று. கொடிமாடச் செங்குன்றூரிலே அடியார்களைப் பனிச்சுரம் பற்றியபொழுது திருஞானசம்பந்தப் பிள்ளையார் அது வினையென்று கைகட்டியிருந்தாரல்லர். வினையுண்டு என்பதனை உடன்பட்டே, அதனின்று பிழைக்கும் நெறியை நாடாதிருத்தல் குறையென்று காட்டித் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டருளினார். திருப்பாச்சிலாச்சிராமத்திலே முயலகன் என்னும் நோயாற் கிடந்த கொல்லிமழவன் மகளைக் கண்டபொழுதும் இவள் வினையென்று கடந்து சென்றாரல்லர். வினைக்கொள்கை நோயாளனை விட்டுச் செல்வதற்குக் காட்டும் சீட்டன்று.

மற்றொரு வகையினர் நுண்ணியர். அவர் நோயாளனை விடச் சொல்லார். நோயிலா மகளுற்ற துன்பத்தை அவளது வினையென்பர். தாய் அருகிலில்லாமையும், பள்ளிக்குப் பிந்தி ஓடலும், பதின்மூன்றில் அடுப்படியில் நிற்றலும் அவள் முன்செய்தவற்றின் பயனாம். பொறுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கூற்று. வெளிப்பட்டு நின்றபொழுது முன்னையதை எல்லாரும் வெறுப்பர்; இதனையோ நல்லாரும் ஏற்றுக்கொள்வர். ஆயின் இரண்டும் ஒன்றே. ஒருவன் துன்பத்தை வினையென்று தள்ளுதல் பிழையாயின், அவன் தமக்கையின் துன்பத்தை அங்ஙனந் தள்ளுதலும் பிழையே. நம் செயலால் ஒருவர்க்கு வருந் துன்பத்தை அவர்தம் பிராரத்தமென்று நாமே சொல்லிக்கொள்ளும்பொழுது, நமக்கு ஆகாமியம் ஏறுகின்றது என்பதனையும் மறத்தலாகாது.

இவ்வளவும் எழுதி வைத்திருந்த காலத்து அவ்வுழவர் மீண்டும் எம்மைக் காணவந்தார். அவர் கூறியது கேட்டு யாம் எழுதியதிற் பாதியைக் கிழித்தோம். மகளை அழைத்து அருகிலிருத்தி, உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டாராம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தம்பியைத் தானே கிணற்றுமேட்டிலிருந்து தள்ளிவிட்டதாகவும், மறுநாள் அவன் காலிலே கருநீலத் தழும்பு கண்டதாகவும், அதன்பின் சில நாளில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர் என்றும், அந்நோய் தன்னால் வந்ததென்றும் சொல்லி அழுதாளாம். ஓராண்டுக்கு மேலாக அவள் இதனைச் சுமந்து உலை வைத்திருக்கின்றாள். அந்நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்றது அழுக்காறன்று. தான் செய்ததாக நினைத்த பிழைக்குத் தானே தண்டம் ஏற்க விரும்பியது. அதற்கு அவள் பெற்றது ஓங்கிய கை.

இரத்தப் புற்று உற்றார்க்குச் சிறிது பட்டாலும், யாதும் படாமலேயும் உடம்பிற் கன்றிய தழும்புகள் தோன்றும். அது நோயின் அடையாளம், நோயின் காரணமன்று. இதனை வைத்தியர் தந்தைக்குச் சொன்னார், தந்தை தாய்க்குச் சொன்னார், அத்தைக்கும் தெரியும். சிறுமிக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. சிறுபிள்ளைக்கு ஏன் இந்தக் கவலை என்று விட்டனர். அன்பினாலே விட்டனர் என்பதில் ஐயமில்லை.

ஆணவமலத்தின் இயல்பு கூறுமிடத்து உமாபதி சிவம் ஒன்று உணர்த்துவர். புறவிருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ தன்னையும் மறைத்து நிற்கும் என்பது அது. திருவருட்பயன் பாடஞ் சொல்லுந்தோறும் இதனை நூறுமுறை விளக்கியுள்ளோம். நோயுற்ற மகனின் துன்பம் புறவிருள் போன்றது; வீடு முழுதும் அதனைக் காணும்; அதன்பொருட்டு விளக்கேற்றும். நோயிலா மகளின் துன்பம் தன்னையும் மறைத்துக்கொள்வது. அவள் தொந்தரவு கொடாத பெண் என்று புகழப்படுவாள். அப்புகழே அவ்விருளின் மேல் இட்ட மற்றொரு திரை. பெற்றோர் எந்த மகவைப்பற்றி இவளால் எமக்குக் கவலையில்லை என்கின்றனரோ, அம்மகவினருகே முதலில் விளக்கைக் கொண்டு செல்லல் வேண்டும்போலும்.

இனி, எல்லார்க்கும் எளிதாக நினைவில் வருவது திலகவதியம்மையார் வரலாறு. நோயுற்ற உடன்பிறப்பைப் பேணிய தமக்கையென்றவுடன் நம்மவர் அவரையே காட்டுவர். இம்மகளிடமும் ஊர்ப்பெரியோர் ஒருவர், நீ திலகவதியாராக இரு என்று கூறினாராம். திருவாமூரும் திருவதிகையும் பெருமுக்கலினின்று தெற்கே தொலைவிலுள்ளன அல்ல; வரலாறும் அன்பர்கள் நன்கறிந்ததே. ஆயினும் இவ்வினாவை உள்ளத்திற்கொண்டு அதனை மீண்டும் நோக்கினால், நாம் விரைந்து கடந்துபோகும் சில இடங்கள் நிறுத்திக் காட்டும்.

புகழனாரும் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அம்மையார் உயிர்விடத் துணிந்து, பின்னர்த் தம்பி மருணீக்கியார்பொருட்டு உயிர் தாங்கினார். இங்கு ஓர்க. தம்பிக்காக வாழ் என்று அவரைப் பணித்தார் எவர்? பெற்றோர் இலர், கேள்வர் இலர், ஊரார் பணித்ததாகவும் வரலாறில்லை. தம்பியார் இரந்தார், அம்மையார் தயாவினால் தாமே துணிந்தார். அவரது தியாகம் அவர் கொடுத்தது. பிறர் அவரிடமிருந்து எடுத்ததன்று.

பின்பு தம்பியார் புறச்சமயம் புக்குத் தருமசேனர் என்னும் பெயரோடு பெருமையுற்றார். அம்மையார் உள்ளம் உடைந்தாரெனினும், அவர் வாழ்வு அதனோடு நின்றுவிடவில்லை. திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிட்டு, மெழுகி, மலர்கொய்து, மாலை தொடுத்து வாழ்ந்தார். தம்பியின்பொருட்டு இறைவனிடத்து விண்ணப்பமும் செய்தார். தம்பி உண்டாயினும் இலராயினும் அவ்வாழ்வுக்கு ஒரு நடுவிடம் உண்டு.

மூன்றாவது, யாம் பல்லாண்டு இதனைப் படித்தும் கருதாது சென்ற இடம். சூலைநோய் குடரைப் பற்ற, மருந்தும் மந்திரமும் பயன்படாதொழிய, தருமசேனர் தமக்கையிடம் ஆளனுப்பினார். உடன்பிறந்தான் உயிர்போம் வேதனையில் அழைக்கின்றான். அம்மையார் சென்றாரா? சென்றாரல்லர். அமணர் பள்ளிக்குத் தாம் வருதற்கில்லை என்று சொல்லி விடுத்தார். வன்கண்மையாற் சொன்னதன்று என்பதற்கு அவர் முன்செய்த விண்ணப்பமே சான்று. நோயாளன் அழைப்பு எத்துணை வலிதாயினும், அவர் தம் நெறியை விட்டு அதன்பின் செல்லவில்லை. தம்பியார் அவ்விருளிலேயே திருவதிகைக்கு வந்து அடிவீழ்ந்தார். அம்மையார் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன் வழக்கம்போல அலகும் மெழுகுஞ்சாணமும் கொண்டு திருக்கோயிற்குச் செல்கையில் அவரையும் உடனழைத்துச் சென்றார். நோயாளனுக்காகத் தம் பணியை ஒழிக்கவில்லை. தம் பணிக்குள்ளே நோயாளனை அழைத்துக்கொண்டார். அந்நாளிலே அத்திருமுற்றத்திலேதான் சூலை தீர்ந்ததும் நாவுக்கரசர் என்னும் பெயர் பிறந்ததும்.

ஆதலின் திலகவதியாராக இரு என்று ஒரு சிறுமியிடம் சொல்வார், அவர் சென்றதை மட்டும் சொல்லிச் செல்லாததை மறைத்தலாகாது. அன்றியும் அம்மையார் மணப்பருவமெய்தித் தாமே துணிந்தவர். பதின்மூன்று வயதினள் எதனைத் துணிதல் கூடும்? பெரியோர் தியாகத்தைப் போற்றுதற்கு வரலாறு உதவும். சிறியோரிடம் தியாகத்தைத் தண்டுதற்கு அது முறியோலையன்று. ஒரு பெண்ணின் பள்ளிப்படிப்பை மௌனமாக எடுத்துக்கொண்டு அதற்கு மாற்றாக ஓர் அம்மையாரின் பெயரைக் கொடுத்தல் நேரிய வாணிகமும் ஆகாது. இதனைச் சற்றுக் கடிந்தே கூறினோம். நம் சபைகளில் இது மிகுதியாக நடத்தலின்.

இவ்விடத்து மற்றொன்றையும் ஆராய்தல் வேண்டும். இச்சிறுவனுக்கு நோய் மீண்டு வருமாயின் உடன்பிறந்தாருள் ஒருவரது எலும்பு மச்சை தேவைப்படலாம் என்று வைத்தியர் முன்னரே கூறியுள்ளனர். ஒரு தாய்தந்தையர்க்குப் பிறந்த இருவருள் ஒருவரது மச்சை மற்றவர்க்கு முழுதும் பொருந்துதல் நான்கில் ஒரு பங்கே. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதல் இம்மருத்துவம் நடந்து வருகின்றது. உடன்பிறந்தார் கொடுத்த மச்சையாற் பிழைத்தவர் பலர். இன்னும் ஒருபடி சென்று, நோயுற்ற மகவுக்குப் பொருந்துமாறு கருவைத் தேர்ந்து மற்றொரு மகவைப் பெறுதலும் நிகழ்கின்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவ்வாறு ஒரு குழந்தை பிறந்தது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு அகமதாபாத்திலே, அங்ஙனம் பிறந்து ஓராண்டு கடந்த பெண்குழந்தையின் மச்சை, மாதந்தோறும் பிறர் குருதியேற்று வாழ்ந்துவந்த அவள் தமையனுக்கு இடப்பட்டது. அவன் குருதி ஏற்றும் நிலை ஒழிந்தது.

இதனைக் கேட்டவுடன் கண்டிப்பாரும் உளர், வியப்பாரும் உளர். நம் சித்தாந்தம் என்ன கூறும்? ஏகான்மவாதிக்கு இதில் இடரில்லை. உயிர் ஒன்றேயாயின் எவ்வுடம்பிலிருந்து எவ்வுடம்புக்கு எடுத்தாலென்? நாமோ உயிர்கள் பல என்று கொண்டவர். ஒவ்வோர் உயிரும் அநாதி. ஒவ்வொன்றும் தன் மலத்தோடு தனித்து நிற்பது. ஒவ்வொன்றுக்கும் அதன் மலம் பரிபாகமுறுதற்பொருட்டே இறைவன் மாயையினின்று தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிக்கின்றான். அகமதாபாத்துக் குழந்தையின் உடம்பு அவ்வுயிர்க்குக் கொடுக்கப்பட்ட தனு. அது தமையனுக்குக் கரணமன்று. பசுவுக்குப் பசு பதியாதலும் இல்லை, கருவியாதலும் இல்லை. பன்மை வாதத்தை நாம் வாதக்களத்திலே மாயாவாதியோடு பொருதற்கே பயன்படுத்திப் பழகிவிட்டோம். அஃது ஒரு வீட்டின் அடுப்படியிலும் செல்லுபடியாகும் என்பதனை நினைப்பதில்லை.

ஆயின் அப்பெற்றோரை யாம் பழிக்கின்றோமல்லோம். ஒரு மகவைக் காக்கும் எண்ணத்தோடு மற்றொரு மகவைப் பெற்றார் என்பதனால் அம்மகவு குறைந்ததாகாது. உலகத்திலே ஏரோட்ட ஆள் வேண்டியும், குலந்தழைக்க வேண்டியும், முதுமையிற் கஞ்சி ஊற்ற வேண்டியும் பெற்ற பிள்ளைகளே பலர். எவ்வெண்ணத்தோடு பெற்றாரென்பது பெற்றோரைப் பற்றும். பிறந்த உயிரைப் பற்றாது. பிறந்தபின் அவ்வுயிர்க்கு முழுக்கடனும் உண்டு. மச்சை எடுத்தால் சின்னாளில் மீண்டும் ஊறிவிடும் என்பர் வைத்தியர். ஊறாதது வேறொன்று உண்டு. நீ எதற்கென்று ஒரு பிள்ளையிடம் சொன்ன சொல் ஊறி நிரம்பாது. பேசவறியாக் குழந்தையைக் கேட்டல் இயலாது. பதின்மூன்று வயதினளைக் கேட்டல் இயலும். இயல்வதைச் செய்யாது விடுதலே குற்றம். கேட்டால் அவள் பெரும்பாலும் உடன்படுவாள். அதனாலேயே கேட்டல் வேண்டா என்பார்க்கு, கேட்டபின் கொடுத்தலும் கேளாமல் எடுத்தலும் ஒன்றல்ல என்பதனைத் திருவாமூரிலேயே கண்டோம்.

எஞ்சியது அறுபது நாழிகையின் இடர். அதனை யாம் எவ்வாறு நோக்கினும் தாய்தந்தையராலேயே அது தீருமாறு இல்லை. இரு கைகளை நான்காக்க அவர்களால் ஒல்லாது. யாம் இதுகாறும் பெற்றோர்க்கே கடமை வகுத்து வந்தோம், அஃது எளிது. அடியார் கூட்டம் என்பதனைச் சித்தாந்தம் வீடுபேற்றுக்கு வழியாகக் கூறுகின்றது. திருமடங்களிலே மாகேசுவர பூசை நடக்கின்றது; விழாநாளில் ஆயிரவர்க்கு அன்னம் இடப்படுகின்றது. நல்லதே. ஆனால் மருத்துவமனையிலே ஒரு தாய்க்கு மாற்றாக ஒரு பகல் அமர்ந்திருந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய அடியார் எத்துணையர்? ஒரு பகற்பொழுதை இரவல் கொடுத்தால் அதுவே அத்தாய்க்கு மூன்றாவது கை. அன்னதானத்துக்குப் பொருள் போதும். இதற்கு நாழிகை வேண்டும். நாழிகை கொடுப்பார் அரியர். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். அவ்வுழவர் முதன்முறை கேட்டபொழுது யாம் பொருள் விளக்கம் கொடுத்தோம். ஒருநாள் கொடுக்க எமக்குத் தோன்றவில்லை.

பின்னர்த் தோன்றியது. எம் இல்லாள் அவ்வூரார் இருவரோடு முறைவைத்துக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்று வந்தாள். முகமூடி அணிந்து, கைகழுவி, அச்சிறுவனோடு தாயக்கட்டம் ஆடிவிட்டு வருவாள். அவனே எப்பொழுதும் வெல்வான் என்பது அவள் கூறியது. அந்நாள்களில் தாய் ஊர்க்கு வந்தாள். முதல்நாள் வந்தபொழுது இளையவள் அணுகாது அத்தையின் முந்தானையைப் பற்றி நின்றாளாம். அதனைத் தாய் பொறுத்துக்கொண்டாள். மூத்தவளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டதற்கு அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்குப் போகுமுன் தலைவாரிப் பின்னிவிடு என்றாள். அன்று பின்னிக்கொண்டே தாய் அவளுக்கு நோயின் பெயரையும், அது எதனால் வருவதன்று என்பதனையும், கிணற்றுமேட்டுத் தழும்பு எதனால் உண்டாயிற்று என்பதனையும் சொன்னாள். இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதென்றும், நோய் மீண்டால் என்ன கேட்க நேரும் என்றும் மறையாமற் சொன்னாள். தம்பி பிழைப்பானா என்று மகள் கேட்டாள். தெரியாது என்றாள் தாய். பொய்யுரை கூறி ஆற்றியிருக்கலாம் என்பார் இருக்கலாம்; அவள் செய்ததே சரியென்பது எம் துணிபு.

அச்சிறுவன் உண்ணும் மருந்து இன்னும் முடியவில்லை. அண்மையிற் பிரதோஷத்துக்கு அவ்வுழவர் மூத்த மகளை அழைத்துக்கொண்டு மலைக்கு வந்தார். இறங்குகையில் அவள் எம்முடன் நடந்தாள். அன்று சொற்பொழிவிலே யாம் கூறிய திலகவதியார் வரலாற்றைப்பற்றி அவளுக்கு ஓர் ஐயம். "தாத்தா, அறுபத்துமூவரில் அந்த அம்மா எத்தனையாவது ஆள்?" என்றாள்.

காரைக்காலம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் அவ்வெண்ணில் உள்ள மகளிர் என்றும், திருத்தொண்டத்தொகை திலகவதியாரைத் தனியே எண்ணவில்லை என்றும், திருவதிகைக் கோயிலிலே அவர்க்குத் திருவுருவம் உண்டென்றும், நாவுக்கரசர் வரலாற்றினுள்ளே அவர் பெருமை அடங்குமென்று பெரியோர் கொள்வரென்றும் யாம் விடை கூறினோம்.

"தம்பி கதைக்குள்ளேயா?" என்று கேட்டுவிட்டு அவள் தந்தையை எட்டிப்பிடிக்க முன்னே இறங்கினாள்.